மேடைக்கு அடியில் ஒரு கணப்பு

சகோதரிகளே! கோவையிலிருந்து மலையேறி, உதகையில் உள்ள உறவினர் இல்லத்தில் மார்கழி மாதம் தங்கியதுண்டா? உறைபனி விழும் அவ்வூரில், விடியுமுன் சமையலறைக்குச் சென்று மேடைமீது கையூன்றினால் எலும்புவரை சில்லிடும். கணக்கின்படி 2030ஆம் ஆண்டில் ரமலான் ஜனவரியில் வரவிருக்கிறது. அங்கே ஸஹர் சமைக்கும் தாய்மாரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

இதற்கென்றே, மேடைக்கு அடியில் மின்கணப்புப் பாயைப் பதிக்கும் வழக்கம் குளிர்நாடுகளில் உண்டு. கருத்து புதிதன்று. இஸ்தான்புல்லில் 1584இல் எழுந்த செம்பர்லிதாஷ் ஹம்மாமின் நடுவிலுள்ள சலவைக்கல் மேடை அடியிலிருந்தே சூடேற்றப்படுவதுதான். கல் அச்சூட்டைத் தாங்கும்.

ஆனால், புதுவீடு கட்டுவோர் சிலர் இன்று விரும்பும் ‘சாலிட் சர்ஃபேஸ்’ கல்லன்று. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1960களில் உருவாக்கிய ‘கொரியான்’ இதன் முன்னோடி. அக்ரிலிக் பிசினுடன் அலுமினியத் தாதுப்பொடியைக் கலந்து வார்த்த பலகை இது. இணைப்புத் தெரியாது, கறையும் எளிதில் ஊறாது. எனினும், வெப்பத்தில் கல்லைவிட அதிகம் விரியும். 10 பாகைக் குளிரிலிருந்து 30 பாகைக்குச் சூடேறினால், 10 அடி நீளப் பலகை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். கிரானைட்டோ அரை மில்லிமீட்டர்தான்! இரு சுவர்களுக்கிடையே இறுக்கிப் பொருத்தியிருந்தால் அந்த 2 மில்லிமீட்டருக்கு இடமேது? தொட்டிக்காக வெட்டிய மூலையில்தான் முதலில் விரிசல் காணும்.

ஆகவே, மலையில் வீடுகட்டும் சகோதரிகள் ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுவரோரம் இடைவெளி விட்டு, அதை இளகும் தன்மையுள்ள சிலிக்கோன் பசையால் அடைக்கட்டும். வெட்டுமூலைகள் கூராக இராமல் வளைவாக இருக்கட்டும். பாய் பலகையின் அடியில் சீராகப் படியவேண்டும். ஓரிடம் சூடாகவும் ஓரிடம் குளிராகவும் இருப்பதே பெருங்கேடு. பாய்க்குக் கீழே வெப்பத்தடுப்புத் தகடும் தேவை. இல்லையேல் அலமாரியிலுள்ள எண்ணெயும் பேரீச்சம்பழமும் அல்லவா வெதும்பும்! வெப்பம் வரம்பு மீறாதிருக்கத் தெர்மோஸ்டாட் பொருத்துங்கள்.

மின்செலவு அச்சுறுத்துவதன்று. 150 வாட் பாய் 6 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். அஞ்சவேண்டியது ஈரத்தையே. நீர் புழங்கும் மேடையின் அடியில் 230 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும், முறையான எர்த் இணைப்பும் இல்லாமல் இவ்வேலையைத் தொடவே கூடாது. செலவைக் குறைக்க எண்ணுவோர் வேறெதிலாவது குறைக்கட்டும்.

கோவை, திருப்பூர், ஈரோட்டு இல்லத்தரசிகள் கேட்கலாம்: “நமக்கும் இது வேண்டுமா?” வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். நம் சமவெளிக் குளிருக்கு இத்தனை ஏற்பாடு மிகை. இங்கே அப்பலகைக்கு வரும் ஆபத்து மேலிருந்து வருவது. அக்ரிலிக் ஏறத்தாழ 105 பாகையிலேயே இளகத் தொடங்கும். வடைச்சட்டியில் காயும் எண்ணெயோ 180 பாகை! இறக்கிய சட்டியையும் பிரியாணி தேக்சாவையும் அதன்மீது வெறுமனே வைத்துவிடாதீர்கள். நம் பாட்டிமார் பானைக்கு அடியில் வைத்த பிரிமணை இன்னும் சந்தையில் கிடைக்கிறது.