மலைக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுங்க!

ஏற்காட்டில் மழைக்குக் குறைச்சல் இல்லை. வருஷத்துக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் கொட்டுகிறது. ஆனாலும் கோடை வந்தால் காலிக் குடங்கள் வரிசை கட்டிவிடும். காரணம், காலுக்குக் கீழே இருக்கிற பாறை!

சேர்வராயன் மலையில் பெரும்பாலும் 'சார்னோகைட்' என்கிற கெட்டிக் கல். (கல்கத்தா புகழ் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்த பெயர்!) அதற்குள் தண்ணீர் இறங்காது. மேலே மக்கிப் போன பாறை, அடியில் சில வெடிப்புகள்... இவைதான் மலையின் தண்ணீர்த் தொட்டி. நிரம்பினதுபோக மிச்சமெல்லாம் வாணியாறு, திருமணிமுத்தாறு என்று மலையிறங்கி ஓடிவிடும்.

சேலத்து ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு அங்கே கொஞ்சம் காப்பித் தோட்டம். பி.எஃப். லோன் போட்டுத் திருச்செங்கோட்டு ரிக் லாரியைக் கூப்பிட இருந்தார். உள்ளங்கைத் தேங்காய் நட்டுக்கொண்ட இடத்தில் 600 அடி போர்! "எதுக்கும் மெஷின் வச்சுப் பாத்துருவோம்" என்று ஜியாலஜிஸ்ட் ஒருவரை அழைத்தார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

நேர்கோட்டில் நாலு இரும்புக் கம்பிகள். வெளிக் கம்பிகள் இரண்டில் கரண்ட் போகும்; உள் கம்பிகள் வோல்டேஜை அளக்கும். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் கரண்ட் இன்னும் ஆழமாகப் போகும். 1912-ல் பிரான்சில் கான்ராட் ஷ்லம்பர்ஜர் தாதுக்களைத் தேடக் கையாண்ட வித்தை இது. ஈரமான மக்கின பாறை கரண்டைச் சுலபமாக விடும். கெட்டிப் பாறை முரண்டு பிடிக்கும்.

சிக்கல், ஏற்காட்டில் நேராக இருப்பது சில்வர் ஓக் மரம் மட்டும்தான்! 200 மீட்டர் சமதளத்துக்கு எங்கே போவது? சரிவில் அளந்தால் கணக்கு கோணும்.

"எத்தனை அடியில சார் தண்ணி?" என்றார் நண்பர்.

"இது தண்ணியைக் காட்டாதுங்க. களிமண்கூட ஈரப் பாறை மாதிரியே ஏமாத்தும். எந்த அடுக்கு எவ்வளவு தடிமன்னுதான் சொல்லும். பல இடத்துல அளந்து, மழையளவு, கிணத்து மட்டம் எல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் மலையோட கணக்கு தெரியும்."

கிராப் வரைந்து பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்: "உங்க இடத்துல மக்கின பாறை கொஞ்சம்தான். அதுக்கு அடியில கெட்டிக் கல்லு. 600 அடி போனா லாட்டரிதான். மேலே ஊறுற தண்ணிதான் கீழே ஊர்ச் சுனைக்கும் போகுது. பார்த்துச் செய்யுங்க."

நண்பர் ரிக்கை வேண்டாமென்று சொல்லிவிட்டார். சின்னதாக ஒரு வெட்டுக்கிணறு, சரிவில் மழைநீர் தேங்க வரிசையாகக் குழிகள். அவ்வளவுதான்.

மலைத் தண்ணீர் ஊருக்கே சொந்தமான ஜாயின்ட் அக்கவுன்ட். பாஸ்புக்கைப் பார்க்காமல் செக் கிழிக்கலாமா, சொல்லுங்கள்!