மகள் பேரில் ஒரு பாஸ்புக்

எங்கள் வீட்டில் பெண்பிள்ளைக்குச் சேமிப்பு என்றால் தங்கம்தான். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அம்மா நகைக்கடைக்குப் போவார். கால் பவுன், அரைப் பவுன் என்று வாங்கி வந்து, மஞ்சள் துணியில் முடிந்து பீரோவுக்குள் வைப்பார். "இது பெரியவளுக்கு" என்பார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த முடிச்சு அடகுக் கடைக்குப் போகும். ஃபீஸ் எங்கள் எல்லோருக்கும். நகை மட்டும் அக்காவுடையது. ஒரு வருடம் மீட்க முடியாமல் ஏலத்தில் போனது. தங்கம் பிறகு எவ்வளவோ விலை ஏறிவிட்டது. எங்கள் வீட்டில்தான் அது நிலைக்கவில்லை.

அப்பா, அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் அக்கா பேரில் பணம் போட்டார். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் கதவைச் சாத்திய கம்பெனிகளில் அதுவும் ஒன்று. ரசீது மட்டும் மிஞ்சியது.

போன வருடம் அதே அக்கா, பேத்திக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் கணக்குத் தொடங்கத் தபால் ஆபீசுக்குப் போனார். "பாட்டி தொடங்க முடியாதும்மா, அப்பாவோ அம்மாவோ வரணும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். மறுநாள் மகளைக் கூட்டிப்போனார். புதுப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் குழந்தையின் பெயரை அக்கா விரலால் தடவிப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை.

2015 ஜனவரியில் தொடங்கிய திட்டம் இது. முதலில் வருடத்துக்குக் குறைந்தது 1,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. 2018-இல் 250 ஆக்கினார்கள். உச்சவரம்பு ஒன்றரை லட்சம். 15 வருடம் கட்ட வேண்டும், தொடங்கி 21 வருடம் நிறைந்ததும் முதிர்வு. வட்டிக்கும் வரி இல்லை, முதிர்வுத் தொகைக்கும் இல்லை. வங்கியில் குழந்தை பேரில் டெபாசிட் போட்டால் அப்படியல்ல. அந்த வட்டி, பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் வருமானத்தோடு சேர்ந்துவிடும். பலரும் ஏமாறும் இடம் இதுதான். வட்டி விகிதம் நிரந்தரமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்: 9.1 சதவீதத்தில் தொடங்கி 7.6 வரை இறங்கி, 2024 ஜனவரியில் 8.2-க்கு வந்தது. இதே விகிதம் நீடித்தால், மாதம் ஆயிரம் ரூபாய் கட்டுகிறவருக்கு முடிவில் சுமார் ஐந்தரை லட்சம் கிடைக்கும்.

ஆண்பிள்ளைக்கு இந்தக் கணக்கு கிடையாது. பொது வருங்கால வைப்பு நிதி உண்டு. அதற்கும் வரி இல்லை. ஆனால் தந்தையின் கணக்கும் மகனின் கணக்கும் சேர்ந்தே ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது.

வரிச்சலுகையைவிட எனக்குப் பெரிதாகப்படுவது செல்வமகள் கணக்கின் பூட்டு. காப்பாளர் இறப்பு, உயிருக்கு ஆபத்தான நோய் போன்ற நெருக்கடிகள், 18 வயதுக்குப் பின் அவளது திருமணம் தவிர, நடுவில் யாரும் கைவைக்க முடியாது. பத்தாம் வகுப்பு முடித்தோ 18 வயதாகியோதான் படிப்புக்காகப் பாதித் தொகை வரை எடுக்கலாம். 18-க்குப் பிறகு கணக்கை அந்தப் பெண்ணே நடத்துவாள். தம்பியின் ஃபீசுக்காக இந்தப் பாஸ்புக் அடகுக் கடைக்குப் போகாது.

பத்து வயது நிறைந்துவிட்டால் கணக்குத் தொடங்க முடியாது. வீட்டில் பெண்குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். பணத்தை மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். தாண்டிக் கட்டினால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி கிடைக்காது.