அப்பா விட்டுச்சென்ற ஐ.ஆர்.ஏ.: பத்தாம் ஆண்டில் காத்திருக்கும் வரி

அமெரிக்காவில் உழைத்து ஓய்வுபெற்ற பலரின் சேமிப்பு ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கிறது. பெரும்பாலும் வரி பிடிக்காமல் போட்ட பணம் அது, எடுக்கும்போதுதான் வரி. கணக்குக்காரர் காலமாகி, பணம் பிள்ளைகள் கைக்கு வந்தாலும் அந்த வரி போய்விடாது.

முன்பெல்லாம் பிள்ளைகள் அதைத் தங்கள் ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். 2019இல் வந்த செக்யூர் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2020 முதல் இறந்தவர்களின் கணக்கை, இறந்த ஆண்டுக்குப் பிந்தைய பத்தாம் ஆண்டு டிசம்பர் 31க்குள் வாரிசுகள் காலி செய்துவிட வேண்டும். இறந்தவர் கட்டாயமாகப் பணம் எடுக்கும் கட்டத்தைத் தொட்டிருந்தால் (இப்போது அது 73 வயதை எட்டிய மறு ஆண்டின் ஏப்ரல் 1), இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளிலும் வருடம் தவறாமல் ஒரு குறைந்தபட்சத் தொகை எடுக்க வேண்டும். கணவன் அல்லது மனைவி, 21 வயது நிரம்பாத சொந்தப் பிள்ளை, மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு விதி வேறு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தந்தை 2023இல், 78 வயதில் காலமானார். மகளுக்கு 2024இல் 50 வயது. வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வெளியிட்டுள்ள ஆயுள் அட்டவணையில் 50க்கு நேரே இருப்பது 36.2. அட்டவணையை அந்த ஒரு முறைதான் பார்க்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒன்று கழித்துக்கொண்டே வர வேண்டும். 2026க்கு 34.2. முந்தைய டிசம்பர் 31 அன்று இருப்பு 4 லட்சம் டாலர் என்றால், அதை 34.2ஆல் வகுக்க வருவது சுமார் 11,696 டாலர். பலர் சறுக்குவது இங்கேதான். மறுபடி அட்டவணையைத் திறந்து 52 வயதுக்கு உரிய 34.3ஐ எடுத்தால் 34 டாலர் குறையும். சின்னத் தொகைதான், ஆனாலும் குறைவு குறைவுதான். குறைந்த தொகைக்கு 25 விழுக்காடு அபராதம் உண்டு. குறித்த காலத்துக்குள் சரிசெய்தால் 10 விழுக்காடு.

தந்தை இறந்த ஆண்டுக்கான தொகையை அவர் எடுக்காமல் போயிருந்தால், அதையும் வாரிசுதான் எடுக்க வேண்டும். துக்க வீட்டில் இது யார் நினைவுக்கும் வருவதில்லை.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் குறைந்தபட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. ஆண்டுக்கு மூன்று நான்கு விழுக்காடு எடுத்தால், முதலீடு வளரும் வேகத்தில் அசல் அப்படியே நிற்கும். 2033இல் மொத்தத்தையும் ஒரே ஆண்டு வருமானமாகக் காட்ட நேரும். சம்பளத்தோடு அது சேரும்போது, 22 விழுக்காடு கட்டிவந்தவர் 32, 35 என்ற அடுக்குகளுக்குத் தள்ளப்படுவார். ஓய்வாலோ பணி மாற்றத்தாலோ சம்பளம் இறங்கும் ஆண்டுகளில் கூடுதலாக எடுப்பதும், மற்ற ஆண்டுகளில் பரவலாகப் பிரித்து எடுப்பதும்தான் புத்திசாலித்தனம்.

பெற்றோர் வழியாக இத்தகைய கணக்கு உங்களுக்கு வந்திருந்தால், பத்து ஆண்டுக்கான திட்டத்தை இந்த டிசம்பருக்கு முன்பே ஒரு வரி ஆலோசகரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.