சொல்லாமல் விட்ட காய்ச்சல்

கீமோதெரபி பெற்ற பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் நோயாளி ஒருவருக்குக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. வீட்டிலிருந்த பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தார்கள், காய்ச்சல் தணிந்தது. ஞாயிறன்று மீண்டும் வந்தது, மீண்டும் மாத்திரை. திங்கட்கிழமை காலை புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும்போதே அவர் தளர்ந்து சாய்ந்தார். இரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் இருந்த பிறகே மீண்டார். முன்னரே ஏன் அழைக்கவில்லை என்று கேட்டோம். “விடுமுறை நாளில் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அம்மாதான் தடுத்துவிட்டார்கள்” என்றார் அவருடைய மகன்.

இவ்வாறு எங்களிடம் சொல்லாமல் விடப்படுபவை பல. விரல்கள் மரத்துப்போவதைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று சிலர் அஞ்சுகின்றனர். வலியைச் சொன்னால் நோய் பரவிவிட்டது என்பார்களோ என்று சிலர் கலங்குகின்றனர். இந்த மௌனத்தில் எங்களுக்கும் பங்குண்டு. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில், இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டே “நன்றாக இருக்கிறீர்களா?” என்று கேட்கிறோம். “இருக்கிறேன், டாக்டர்” என்பதைத் தவிர வேறு விடை சொல்ல அங்கே நேரமிருப்பதில்லை.

அந்த நேரத்தைத் தரக்கூடியவர் செவிலியர். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் மணிக்கணக்கான பொழுதில் உங்கள் அருகில் இருப்பவர் அவரே. நீங்கள் சொல்வதில் எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று பிரித்தறிவதும் அவருடைய பயிற்சியின் ஒரு பகுதி.

சொன்னால் சிகிச்சை நின்றுவிடுமா?

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், முற்றிய நிலைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற 766 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவினர் வழக்கமான கவனிப்பைப் பெற்றனர். மற்றொரு பிரிவினர் வாந்தி, வலி, சோர்வு போன்ற 12 தொல்லைகளைக் கணினி வழியே தொடர்ந்து பதிவு செய்தனர். தொல்லை மிகுந்தால் செவிலியருக்கு உடனே தகவல் சென்றது. தொல்லைகளைப் பதிவு செய்தவர்கள் சராசரியாக 8.2 மாதங்கள் கீமோதெரபியைத் தொடர முடிந்தது, மற்றவர்கள் 6.3 மாதங்களே தொடர்ந்தனர். 2017இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களின் இடைநிலை வாழ்நாளும் 26 மாதங்களிலிருந்து 31.2 மாதங்களாக உயர்ந்திருந்தது. சொன்னதால் சிகிச்சை நிற்கவில்லை, நீடித்தது.

காய்ச்சல்: காலை வரை காத்திராதீர்

நுண்கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள், பெரும்பாலான கீமோ மருந்துகளுக்குப் பின் 7 முதல் 14 நாட்களுக்குள் மிகவும் குறைந்துவிடுகின்றன. அந்நாட்களில் தொற்று ஏற்பட்டால், சீழும் வீக்கமும் உண்டாக்கக்கூடப் போதிய அணுக்கள் இரா. காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கலாம். பாரசிட்டமால் அந்த ஒரே அறிகுறியையும் மறைத்துவிடும், தொற்றைக் குணப்படுத்தாது.

ஆகவே வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, குளிர் நடுக்கம் கண்டாலோ, எந்த நேரமாயினும் உடனே அழையுங்கள். தொலைவில் இருப்பவர்கள் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, “கீமோ பெற்று வருகிறேன்” என்பதை முதலில் சொல்லி, சிகிச்சை அட்டையைக் காட்டுங்கள். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றப்படுவதே இதில் உயிர்காக்கும் நடவடிக்கை.

மரத்துப்போதலும் வலியும்

பாக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் கை கால் நரம்புகளைத் தாக்கக்கூடும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, காலிலிருந்து செருப்பு நழுவுவது தெரியாமற்போவது ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொன்னால், மருந்தின் அளவைக் குறைக்கவோ மாற்று மருந்து தரவோ வழியுண்டு. மறைத்தால் பாதிப்பு நிலைத்துவிடலாம்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதித் தரும்போது பல குடும்பங்கள் தயங்குகின்றன. மார்ஃபின் கடைசி நாட்களுக்குரிய மருந்தன்று. வலி குறைந்தால் அதன் அளவையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். மருத்துவக் கண்காணிப்பில் புற்றுநோய் வலிக்காக உட்கொள்பவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் ஏற்படும் என்பதால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துத் தருகிறோம், அதை விட்டுவிடாதீர்கள்.

உடனிருப்போருக்கு

நோயாளி மறைப்பதை முதலில் காண்பவர் நீங்களே. சாப்பிடாமல் தட்டை நகர்த்துவதையும், இரவில் உறங்காமல் அமர்ந்திருப்பதையும் தேதியுடன் ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். அவர் முன்னிலையில் சொல்லத் தயக்கமெனில் செவிலியரிடம் தனியே பேசலாம். உங்கள் உறக்கமின்மையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்தவர்களுக்கும் இது பொருந்தும். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை கனப்பது, மாதங்கள் கடந்தும் நீங்காத சோர்வு, அடுத்த ஸ்கேன் நெருங்கும்போது எழும் அச்சம் ஆகியவை பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. கை வீக்கத்தைத் தொடக்கத்திலேயே கவனித்தால் கட்டுப்படுத்துவது எளிது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த அம்மையார் எஞ்சிய சிகிச்சையை முடித்தார். இடையில் ஒருமுறை, பின்னிரவு இரண்டு மணிக்கு, அவரே அழைத்தார். “சிஸ்டர், நூற்றொன்று காட்டுகிறது” என்றார். அன்று நான்காம் நாளே வீடு திரும்பினார்.

உங்கள் சிகிச்சை அட்டையில் உள்ள எண்ணை இன்றே வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் கைபேசியிலும் பதிந்துவையுங்கள். அந்த அழைப்பு எங்களுக்குத் தொந்தரவன்று.