சொக்கலேட்டும் நாவடக்கமும்

கொழும்பு மாளிகாவத்தையில் நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பம் பரிமாறாத இல்லம் அரிது. நீரிழிவின் பொருட்டு மாச்சத்தைக் குறைத்து உண்போருக்கு அது ஒருநாட் சோதனை. சொக்கலேட்டோ நாள்தோறும் வரும் சோதனை.

வட்டிலப்பத்திற் சேரும் கித்துள் கருப்பட்டி தீங்கற்றது எனப் பலர் நம்புவர். அதிலும் பெரும்பகுதி சர்க்கரையே. நிறம் மாறினும் குணம் மாறாது. பால் சொக்கலேட்டில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. நூற்றுக்கு 70 பங்கு கொக்கோ எனக் குறித்த கறுப்புச் சொக்கலேட்டில் அது 30 பங்கைத் தாண்டாது. 10 கிராம் துண்டொன்றில் 3 கிராமுக்குள் அடங்கும். அதன் கசப்பே ஒரு காவல்.

பசித்த வயிற்றில் வேட்கை பெருகும். ஆதலால் முட்டை, மீன், கீரை முதலியவற்றை உண்டு வயிறு நிறைந்தபின், ஒரு துண்டை மட்டும் எடுத்து மெல்லச் சுவைத்தல் நன்று.

இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாது சோற்றையும் பாணையும் குறைத்தலாகாது; இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் நேரலாம்.

பெருநாளன்று உறவினர் நீட்டும் வட்டிலப்பத்தை முற்றாக மறுத்தால் மனம் நோகும். ஒரு கரண்டி ஏற்று, அவ்வேளைச் சோற்றை மருத்துவர் வகுத்த அளவிற் குறைத்தால், உறவும் கெடாது, உடலும் கெடாது.