கிழியட்டும் புத்தகம்

1987-இல் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம் தொடக்கப்பள்ளிகளுக்குக் கதைப் புத்தகங்களையும் கொண்டுவந்தது. பல பள்ளிகளில் அவை பீரோவைத் தாண்டவில்லை. ஆசிரியர்களின் சோம்பல் என்று இதை நான் நினைக்கவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய கணமே புத்தகம் நாற்காலி, மணி மாதிரி ஒரு சாமான் ஆகிவிடுகிறது. தொலைந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்லணும். "குடுத்தா கிழிச்சிடுவாங்க சார்" என்றார் ஓர் ஆசிரியை. (கிழியட்டுமே!) பாடநூலில் அர்த்தம் ஏற்கெனவே ஆசிரியர் கையில் இருக்கிறது, பிள்ளை அதைக் கேள்வி-பதிலாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். கதைப் புத்தகத்தில் அது படம் பார்த்து, எழுத்துக்கூட்டி, பாதியில் விட்டு, மிச்சக் கதையைத் தானே சொல்லிக்கொள்கிறது. வாசகன் உருவாகிற இடம் இதுதான். அதற்குப் புத்தகம் கைக்கெட்டுகிற உயரத்தில் கயிற்றில் தொங்கணும், வீட்டுக்கும் போய்வரணும். கிழிந்ததைப் பதிவேட்டிலிருந்து கழித்தெழுதும் அதிகாரத்தை முதலில் வகுப்பாசிரியருக்குக் கொடுக்கட்டும்.