மூன்று நிமிடமா, ஐந்து ஆண்டா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் போலீஸ் கேமரா ஒரு காரின் நம்பரைப் படித்தால், அந்தக் கார் தேடப்படும் வண்டியாக இல்லாத பட்சத்தில், மூன்று நிமிடத்துக்குள் பதிவை அழித்துவிட வேண்டும். அது அந்த மாநிலத்துச் சட்டம். அதே காரை ஓட்டிக்கொண்டு நான்கைந்து மணி நேரத்தில் நியூயார்க் நகரத்துக்குள் நுழைந்தால், அங்கே படிக்கப்படும் நம்பர் ஐந்து ஆண்டு போலீஸ் கணினியில் கிடக்கும். மெயின் மாநிலத்தில் 21 நாள். கலிஃபோர்னியாவில் நெடுஞ்சாலை ரோந்துப் படைக்கு 60 நாள் கெடு உண்டு. நகரப் போலீஸுக்கோ இத்தனை நாள் என்று மாநிலச் சட்டம் சொல்லவே இல்லை.

சென்ற வாரம் முகத்தை அடையாளம் காணும் கேமராக்களைப் பார்த்தோம். அவற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நம்பர் பிளேட் கேமராவுக்கு அத்தனை எதிர்ப்பு எழுவதில்லை. முகம் நம்முடையது, நம்பர் அரசாங்கம் கொடுத்தது, ஊர் பார்க்கத்தான் வண்டியில் மாட்டியிருக்கிறோம், போலீஸ் பார்த்தால் என்ன? அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1983இல் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னது: பொதுச் சாலையில் கார் ஓட்டுபவர், தான் எங்கே போகிறோம் என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த வழக்கில் போலீஸ் ஒரு குளோரோஃபார்ம் பீப்பாய்க்குள் ரேடியோ பீப்பரை ஒளித்து வைத்து, சந்தேகத்துக்கு ஆளான சிலரை ஒரு பயணத்தில் பின்தொடர்ந்தது, அவ்வளவுதான். ஊரிலுள்ள எல்லாக் கார்களையும் எல்லா நாளும் பின்தொடரும் வசதி அன்று எவரிடமும் இல்லை.

இன்று இருக்கிறது. இந்தக் கேமரா பிரிட்டனில் 1976இல் பிறந்தது. போலீஸ் காரின் கூரையிலோ சாலையோரக் கம்பத்திலோ இருந்துகொண்டு, அகச்சிவப்பு ஒளியில் இரவு பகல் பாராமல் கடந்துபோகும் ஒவ்வொரு பிளேட்டையும் படம் எடுக்கும். மென்பொருள் அதிலிருந்து எழுத்தையும் எண்ணையும் பிரித்தெடுக்கும். திருட்டு வண்டி, தேடப்படும் குற்றவாளியின் வண்டி, காணாமல்போன குழந்தையோடு சம்பந்தப்பட்ட வண்டி என்று ஒரு பட்டியல் உண்டு. நம்பர் அதில் இருந்தால் அலாரம் அடிக்கும். இல்லாவிட்டாலும் நம்பர், நேரம், இடம், புகைப்படம் நான்கும் பதிவாகிவிடும். கலிஃபோர்னியாவின் மாநிலத் தணிக்கையாளர் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் சேர்த்து வைத்திருந்த 32 கோடிப் படங்களில் 99.9 சதவீதம், எடுத்த நேரத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லாத வண்டிகளுடையவை.

அலாரம் அடித்த வண்டியின் கதையை முதலில் பார்த்துவிடலாம். 2009 மார்ச், சான் ஃபிரான்சிஸ்கோ, இரவு 11 மணி. ஒரு கறுப்பினப் பெண் தன் லெக்ஸஸ் காரில் போய்க்கொண்டிருந்தார். வயது 47, எந்த வழக்கும் இல்லாதவர். ரோந்துக் காரின் கேமரா அவருடைய நம்பரில் இருந்த 3ஐ 7 என்று படித்தது. 7 உள்ள நம்பர், திருட்டுப்போன ஒரு ஜிஎம்சி டிரக்கினுடையது. படம் மங்கல். கேமரா இருந்த காரின் போலீஸார் வேறொருவரைக் கைது செய்து கொண்டுபோய்க்கொண்டிருந்ததால், வயர்லெஸ்ஸில் தகவல் மட்டும் சொன்னார்கள். வண்டியைப் பிடித்த சார்ஜெண்ட் சிக்னலில் அவருக்கு நேர் பின்னாலேயே நின்றும் பிளேட்டை ஒருமுறை படித்துப் பார்க்கவில்லை. பல துப்பாக்கிகள் குறிவைத்திருக்க, அந்த அம்மாளை ரோட்டில் மண்டியிட வைத்து விலங்கு மாட்டினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சரிபார்க்காத அலாரத்தை நம்பி நிறுத்தியது நியாயமா என்பதை ஜூரிதான் முடிவு செய்ய வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

கொலராடோவின் ஆரோராவில் 2020 ஆகஸ்ட்டில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே எந்திரம் நம்பரைச் சரியாகவே படித்தது. ஆனால் பட்டியலில் இருந்தது வேறு மாநிலத்தின் அதே நம்பர். மொன்டானாவில் திருட்டுப்போன ஒரு மோட்டார் சைக்கிளுடையது. போலீஸ் மடக்கியதோ காரை. காரில் இருந்த நான்கு சிறுமிகளை வாகன நிறுத்தத்தின் தரையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். இளையவளுக்கு ஆறு வயது. நகர நிர்வாகம் 2024இல் 19 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது.

இதற்கான விதி எளிது, பல போலீஸ் துறைகளின் கையேடுகளிலும் இருக்கிறது: அலாரம் அடித்தது என்பதற்காக மட்டும் வண்டியை நிறுத்தாதே; நம்பர், மாநிலம், வண்டியின் வகை மூன்றையும் கண்ணால் பார், பட்டியலில் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேள். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தருவது இரண்டாவது வகை. அலாரமே அடிக்காத வண்டிகள். கேன்சஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரின் போலீஸ் தலைவர் தன் முன்னாள் காதலியையும் அவருடைய புதிய நண்பரையும் இந்தக் கேமராக்களில் நான்கு மாதத்தில் 228 முறை தேடியிருக்கிறார். தேடும் ஒவ்வொரு முறையும் காரணம் எழுதியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுதினார், காணாமல்போன குழந்தை, போதைப்பொருள் விசாரணை என்று. எந்திரம் ஏற்றுக்கொண்டது. பின்னால் அவருடைய காவலர் உரிமம் பறிபோனது உண்மைதான். ஆனால் காரணப் பெட்டி என்பது, கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரி, கேட்டவருக்கெல்லாம் கிடைக்கிறது.

2025 மே மாதம் டெக்சஸில் ஒரு ஷெரிஃப் அலுவலகம் அப்படிப் பொய்கூடச் சொல்லவில்லை. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணைத் தேடுகிறோம் என்றே எழுதி, நாடு முழுவதும் 83,000க்கும் அதிகமான கேமராக்களில் தேடியது. அந்தப் பெண்ணின் உடல்நிலை பற்றிக் குடும்பத்தார் கவலைப்பட்டதால்தான் தேடினோம் என்றார் ஷெரிஃப். தேடல் போய்ச் சேர்ந்த இடங்களில் இல்லினாயும் ஒன்று. கருக்கலைப்பு தொடர்பாகவோ குடியேற்றம் தொடர்பாகவோ ஒருவரைப் பிடிக்க இந்தப் பதிவுகளைத் தரக் கூடாது என்று 2024 ஜனவரி முதல் அங்கே சட்டமே இருக்கிறது. கேமராக்கள் ஒரே கம்பெனியின் வலைப்பின்னலில் கோக்கப்பட்டிருந்தால் மாநில எல்லை தாளில்தான் இருக்கும்.

நீதிமன்றங்கள் மெதுவாகத்தான் இந்தப் பக்கம் வருகின்றன. செல்போன் கோபுரப் பதிவுகளைப் பெற வாரண்ட் வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; ஒருவரின் நாள்கணக்கான நடமாட்டத்தைத் திரட்டிப் பார்ப்பது, ஒரு தெருமுனையில் பார்ப்பதிலிருந்து வேறானது என்பது அதன் வாதம். 2020இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் இதை நம்பர் பிளேட்டுக்குப் பொருத்திப் பார்த்தது. கேப் காட் பகுதிக்குப் போகும் இரண்டு பாலங்களில் இருந்த நான்கு கேமராக்களை வைத்து ஒரு ஹெராயின் விற்பனையாளரைப் பிடித்திருந்தார்கள். நான்கு கேமரா தவறில்லை என்றது தீர்ப்பு. போதுமான இடங்களில் போதுமான கேமராக்கள் வந்துவிட்டால் விஷயம் வேறு என்றும் சொன்னது. போதுமானது என்றால் எத்தனை? சொல்லவில்லை.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் கேள்வியையே முன்னால் நகர்த்தி வைத்தது. பட்டியலில் இல்லாத நம்பரைப் படித்து உடனே அழித்துவிட்டாலும், படித்ததே அடிப்படை உரிமையில் தலையிட்டதுதான் என்று 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே ஏன் படிக்கிறாய் என்பதற்குக் கனமான காரணம் வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரின் மூன்று நிமிடம்கூட இந்தத் தராசில் தானாகத் தப்பிவிடாது.

அமெரிக்காவில் இப்போதைக்கு நாள்கணக்குதான் பிடிமானம். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டப் போலீஸ் எல்லா நம்பர்களையும் 364 நாள் வைத்திருந்தது. தன் நம்பரும் அதில் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் வழக்குப் போட்டார். 2019இல் கீழ் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேறொரு தரவுத்தளத்தில் தேட வேண்டியிருக்கிறது, ஆகவே இது தனிநபர்த் தகவல் திரட்டு ஆகாது என்று காரணம் சொன்னது. நீதிமன்றம் கைவிட்டதை 2025இல் சட்டமன்றம் எடுத்துக்கொண்டது. இப்போது வர்ஜீனியாவில் 21 நாள். கேமராக்களின் எண்ணிக்கைக்கு அந்தச் சட்டத்திலும் உச்சவரம்பு இல்லை. அவற்றை விற்கும் கம்பெனிகளின் கதையை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)